பொருளாதாரப் புவியியலுக்கு விரிவுரையாளர்: விண்ணப்பிக்கவா, விடவா?

கேள்வி, பெப்ரவரி 3

நான் மருதமுனை, அம்பாறை மாவட்டம். புவியியல் சிறப்புப் பட்டம், செக்கண்ட் அப்பர். கடைசி வருட ஆய்வு எங்கட ஊர்க் கைத்தறி பற்றியது. ஒரு கம்பஸில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. “புவியியல் (பொருளாதாரப் புவியியல்)” என்று போட்டிருக்கிறார்கள், எந்தத் தொழில் எந்த இடத்தில், ஏன் என்று பார்க்கும் பிரிவு. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் ஜீஐஎஸ் (கணினியில் வரைபடம் தயாரித்து ஆராயும் முறை) தெரிந்தவரைத்தான் எடுப்பார்கள், மினக்கெடாதே என்கிறார்கள். பொருளாதாரப் புவியியலை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை என்பது உண்மையா? விண்ணப்பிக்கவா, விடவா?

பெப்ரவரி 3, இரவு

விண்ணப்பியுங்கள் தங்கச்சி. முடிவுத் திகதி வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தைப் படிப்பித்தவள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பதில் சொல்லியிருக்கிறேன், அந்தப் பக்கம் இருந்து கேள்வியும் கேட்டிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுக் குருக்கள்மடத்தில் இருக்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. பல இடங்களில் நடப்பது இதுதான். பொருளாதாரப் புவியியல் படிப்பித்தவர் ஓய்வு பெறுகிறார், அல்லது வெளிநாடு போகிறார். 2022 நெருக்கடிக்குப் பிறகு அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். அந்த வெற்றிடத்தை நிரப்ப அனுமதி கிடைத்து விளம்பரம் வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது கம்பஸில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதுவரை வருகைதரு விரிவுரையாளர் ஒருவர் சனிக்கிழமை வந்து நாலு மணித்தியாலம் ஒரே மூச்சில் குறிப்புச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். பாடம் அத்தோடு சரி. பிறகு விளம்பரம் வரும்போது வெறுமனே “புவியியல்” என்று வரும். வருகிறவர் காலநிலை படித்தவராக இருப்பார், அல்லது ஜீஐஎஸ் படித்தவராக இருப்பார். பொருளாதாரப் புவியியலை அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஆகவே அந்த அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல் இருப்பதே பெரிய விஷயம். துறைக் கூட்டத்தில் யாரோ ஒருவர் விடாப்பிடியாக நின்றுதான் அது வந்திருக்கும். அந்த மனிதருக்காகவாவது தகுந்த ஆட்கள் விண்ணப்பிக்க வேண்டும்.

பெப்ரவரி 4, காலை

தகுதி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அடிப்படை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கை. 1997இல் வந்தது. பிறகு திருத்தங்கள் வந்தன, ஆனாலும் எல்லோரும் இன்னும் “721” என்றுதான் சொல்வார்கள். உரிய துறையில் சிறப்புப் பட்டம், முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேல்நிலை. தங்கச்சிக்கு அது இருக்கிறது.

எடுத்தால் முதலில் மூன்று வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் முதுமாணியோ அதற்கு மேலோ முடித்து, புதிதாக வரும் விரிவுரையாளர்களுக்கான பயிற்சியையும் முடித்தால்தான் பதவி நிரந்தரம்.

சான்றிதழ்களில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டம் நடைமுறைக்கு வரும் திகதி என்று ஒன்று இருக்கிறது, பட்டமளிப்பு விழா நடந்த திகதி வேறு. விண்ணப்பத்தில் விழாத் திகதியை எழுதிவிட்டு அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடவாரியான பெறுபேற்று விபரத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

பெப்ரவரி 4, மாலை

காலையில் மூன்று வருடம் என்று மட்டும் எழுதிவிட்டேன். பயந்துபோய் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் என்பது தொடக்கம். பிறகு ஒவ்வொரு வருடமாக நீடிப்பார்கள், உச்சம் எட்டு வருடம். கல்வி விடுமுறையில் போனால் பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், திரும்பி வந்து இத்தனை காலம் வேலை செய்வேன் என்று. பிணைக்கு நிற்க ஆள் தேட வேண்டி வரும். வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

பெப்ரவரி 5

பொருளியல் சிறப்புப் பட்டம் எடுத்த ஒரு தம்பி தானும் போடலாமா என்று கேட்கிறார். விளம்பரத்தில் “புவியியலில்” என்று மட்டும் இருந்தால் கஷ்டம். “தொடர்புடைய துறையில்” என்றும் இருந்தால் போடுங்கள், முடிவை அவர்கள் எடுக்கட்டும். போடாமல் இருப்பதற்கு நீங்களே காரணம் தேடாதீர்கள்.

பெப்ரவரி 6, இரவு

எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் புத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருக்க மனம் கேட்கவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். மூன்று வருடமும் பொருளாதாரப் புவியியல்தான் எடுத்தேன். நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் வந்தது, “புவியியல்” என்று. நேர்முகத்துக்குப் போனேன். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட என் துறை சார்ந்தவர் இல்லை. ஒருவர் முகில் வகைகளைக் கேட்டார், சொன்னேன். இன்னொருவர் எந்தக் கிராமம் என்று கேட்டார். படுவான்கரை என்றேன், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. “அங்கே இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார், ஆனால் என் நேரம் அதிலேயே போய்விட்டது. கோப்புக்குள் நானே வரைந்த ஏழு வரைபடங்கள் இருந்தன. வெளியே எடுக்கவே இல்லை. பதவி பாறைகள் பற்றி ஆய்வு செய்த ஒருவருக்குப் போனது. அவர் கெட்டிக்காரர், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடுத்த தவணையில் அவருக்கு என் பாடத்தைக் கொடுத்தார்கள். என்னிடம் வந்து குறிப்புகளைத் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன்.

அதனால்தான் விளம்பரத்தில் துறை இருக்க வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன். துறை எழுதியிருந்தால் அந்தத் துறை தெரிந்த ஒருவரை வெளியில் இருந்தாவது மேசைக்குக் கூப்பிட வேண்டி வரும்.

பெப்ரவரி 7

மாதிரி விரிவுரை பற்றி. நேர்முகத்தோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு பாடம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். அதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில் அதை வைத்துத்தான் ஆளை அளந்தேன்.

வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வொன் தூனனின் வளையங்களை எடுப்பார்கள். 1826இல் ஒரு ஜேர்மன் பண்ணைக்காரர் தன் பண்ணைக் கணக்கை வைத்துச் சொன்னது. சமதரை, நடுவில் ஒரே ஒரு பட்டணம், ஆறு இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே போக்குவரத்துச் செலவு. பட்டணத்துக்குப் பக்கத்தில் பாலும் மரக்கறியும், அடுத்து விறகுக் காடு, பிறகு தானியம், கடைசியில் மந்தை. வட்டம் வட்டமாக வரைவார்கள், பெயர் எழுதுவார்கள், “நன்றி” சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் பெரியப்பா மண்முனைத் துறையில் பால் கொண்டுவருவார். சைக்கிளின் இரண்டு பக்கமும் அலுமினியக் குடம். அப்போது பாலம் இல்லை, பாதைதான். வெளியூர் வாசகர்களுக்காக: மட்டக்களப்பில் பாதை என்றால் வாவியைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை. அக்கரை கண்ணுக்கு முன்னால் தெரியும், ஆரையம்பதிப் பக்கத்துத் தென்னை மரங்களை எண்ணலாம். ஆனால் பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் வெயிலுக்குள் காத்திருக்க வேண்டும். ஒருநாள் காத்திருந்து காத்திருந்து பால் திரைந்துவிட்டது. பெரியப்பா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, குடத்தை வாவியில் கவிழ்த்தார். வெள்ளையாக விரிந்து போனதை மீன் குஞ்சுகள் வந்து மொய்த்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பால் கொண்டுவருவதை விட்டுவிட்டு, வீட்டில் உறைய வைத்துத் தயிர்ச் சட்டியாகக் கட்டிக் கொண்டுவந்தார். தயிர் காத்திருக்கும்.

இதைத்தான் வகுப்பில் சொல்லுவேன். தூரம் மைலில் இல்லை, பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்தும் படுவான்கரை வெளி வளையத்துக்குப் போய்விட்டது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் களுதாவளை மணலில் வெற்றிலையும் மரக்கறியும், வாவிக்கு மேற்கே நெல்லும் மாடும். 2014இல் மண்முனையில் பாலம் வந்தது. வளையங்கள் எப்படி நகர்ந்தன என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினால், அவர்களே தூனனில் பிழை கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். அதுதான் பாடம்.

தங்கச்சி, நீங்கள் தூனன் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களிடம் தறி இருக்கிறது.

பெப்ரவரி 8

கைத்தறியை எந்தக் கோட்பாட்டோடு கட்டுவது என்று கேட்கிறார். தொழிற்சாலை எங்கே அமையும் என்று கோட்பாடு சொன்ன ஜேர்மன்காரர் வெபரோடு கட்டப் பார்த்தால் இழுபறியாகும். 1929இல் அவர் சொன்னது எடை குறையும் மூலப்பொருள் பற்றியது. கரும்பு அப்படிப்பட்டது, ஏறத்தாழப் பத்துத் தொன் அரைத்தால் ஒரு தொன் சீனி. அதனால்தான் ஹிங்குராணையில் சீனித் தொழிற்சாலை கரும்புக் காணிகளுக்குள்ளேயே இருக்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலையும் வைக்கோலை நம்பிக் கட்டியது. வைக்கோல் இடத்தை அடைக்கும், தூரத்துக்கு ஏற்றினால் கட்டாது. சுற்றிவர வயல், பக்கத்தில் வாவித் தண்ணீர், ரெயில் பாதை. வெபருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மருதமுனையில் நூல் விளையவில்லை, நூல் வெளியில் இருந்து வருகிறது. பிறகு ஏன் தறி அங்கே? அதற்கு ஆங்கிலேயப் பொருளியலாளர் மார்ஷலிடம் போங்கள். ஒரு தொழில் ஓர் ஊரில் வேரூன்றினால் அதன் நுணுக்கம் காற்றில் கலந்துவிடும், பிள்ளைகள் தெரியாமலே கற்றுக்கொள்வார்கள் என்று 1890இல் எழுதினார். உங்களைவிட இது யாருக்குத் தெரியும்? பாவு ஓடுகிற சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள்.

பெப்ரவரி 8, பின்னேரம்

ஒரு ஆசிரியர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். வெபரின் ஜேர்மன் மூலம் 1909. நான் எழுதிய 1929 ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த வருடம். இவ்வளவு காலம் படிப்பித்துவிட்டு இதில் தடுமாறியது எனக்கு வருத்தம். தங்கச்சி, இதை நேர்முகத்தில் விட்டுவிடாதீர்கள், கேட்பார்கள். கிறிஸ்டலரின் மைய இடக் கோட்பாடு 1933. சுற்று ஊர்களுக்குச் சந்தையும் சேவையும் தரும் மைய இடங்களின் எல்லைகள் அறுகோணங்களாக அமையும் என்பது அது.

கிறிஸ்டலரைப் பற்றியும் ஒன்று. அந்த அறுகோணங்களைக் கல்முனைக்குப் போட்டுப் பாருங்கள். கிழக்கே கடல். கரையோரத்தில் ஊருக்குப் பின் ஊர், மணி கோர்த்தது மாதிரி: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மேற்கே வயல். அறுகோணத்தில் பாதி கடலுக்குள் போய்விடும். ஆனாலும் கல்முனைச் சந்தை மைய இடமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய வகுப்பு நிறைந்துவிடும்.

பெப்ரவரி 11

ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார்: “கிழக்கில் இருக்கிற பதவி கிழக்கு மாகாணத்தவருக்கே கிடைக்க வேண்டும், விளம்பரத்திலேயே போட வேண்டும்.”

என் மனமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் அட்டாளைச்சேனையில் தொடங்கியது. யுத்தத்தில் படிப்புக் குழம்பிய பிள்ளைகளுக்காக வந்தது. இரண்டும் இந்த மண்ணின் தேவைக்குப் பிறந்தவை. இங்கே படிப்பிக்கிறவருக்குப் பெருங்காணிக்காரரான போடியார் யார், அவர் வயலைப் பார்க்கும் முல்லைக்காரன் யார், வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டவிதானைக்கு என்ன வேலை என்பது தெரியாவிட்டால் நெற்காணிப் பொருளாதாரத்தை எப்படி விளக்குவார்? கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியதும் 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் பாடப்புத்தகத்தில் இரண்டு திகதிகள். இங்கே அது காணியும் தண்ணீரும் யார் கையில் என்ற கேள்வி.

பெப்ரவரி 12, விடியப்புறம்

நேற்று எழுதியதை நினைத்து நித்திரை வரவில்லை. முழுவதும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

நான் நேர்முக மேசையில் இருந்த ஒரு முறை இரண்டு பேர் கடைசிவரை வந்தார்கள். ஒருவர் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரிலேயே பிறந்தவர். மற்றவர் மலையகம், தோட்டத்தில் லயத்தில் வளர்ந்த பிள்ளை. நான் முதலாமவருக்காக வாதாடினேன், ஊர் தெரிந்தவர் என்று. தோற்றேன். அந்தப் பிள்ளை வந்தார். முதல் மாதத்திலேயே மாணவர்களிடம் ஒரு தேயிலைப் பக்கெட்டைக் கொடுத்து, இந்த விலையில் கொழுந்து பறித்தவர் கைக்குப் போனது எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு, கொழும்பு ஏலத்துக்கு எவ்வளவு, பெட்டியில் அடைத்தவருக்கு எவ்வளவு என்று தேடச் சொன்னார். பிறகு அதே கேள்வியை அந்த ஊர் மீனுக்கும் கேட்க வைத்தார். ஊர்க்காரருக்குத் தெரியாத மீன் வாடிகளுக்கெல்லாம் நடந்து போனார். ஒரு வருடத்துக்குள் அந்தக் கரையோரத்தை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் வாதாடியது பிழை. மண் தெரிய வேண்டும் என்பதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது பிறப்புச் சான்றிதழில் இருப்பதில்லை. ஒரு இடத்தில் ஒழுங்காக நடந்து பழகியவர் இன்னொரு இடத்திலும் நடப்பார். ஆகவே விளம்பரத்தில் மாகாணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். களவேலை அனுபவம் போடட்டும், அதைச் சோதிக்கட்டும்.

பெப்ரவரி 12, காலை

“பொலிஸ் மாதிரிக் கேள்வி கேட்டால்தான் களவேலை தெரியுமா?” என்று ஒருவர் கேட்கிறார். ஒரு கேள்வி போதும் தம்பி. “நீங்கள் போன இடத்தில் எத்தனை மணிக்கு ஆட்கள் வேலைக்குப் போவார்கள்?” போனவர் உடனே சொல்வார். போகாதவர் முன்னுரையில் இருந்து தொடங்குவார்.

பெப்ரவரி 16

தலைப்புக்கு வெளியே போகிறேன், ஆனால் இதுவும் அதுதான்.

இன்றைக்குத் தம்பியின் வயல் வட்டையில் நெல் வெட்டு. பெரும்போகம். முன்பெல்லாம் அரிவாளோடு வெட்டுக்காரர் வரிசை வரிசையாக இறங்குவார்கள், வெட்டியதைக் குவித்துச் சூடு வைப்பார்கள், சூடு மிதித்து நெல் பிரிப்பார்கள், வாடியில் சோறு பொங்கும். இப்போது ஒரு மெசின் வந்தது, விடிய வந்து வெயில் ஏற முன்னம் முடித்துவிட்டது. நெல் ஈரமாகவே மூட்டையில் விழுந்தது. காயப்போட இடமில்லை, றோட்டில்தான். வரம்புக்குப் பக்கத்தில் லொறி நின்றது. பலகையில் பொலன்னறுவை என்று எழுதியிருந்தது. ஈர நெல்லுக்கு என்ன விலை சொன்னார்களோ அந்த விலைக்குத் தம்பி கொடுத்தார். களஞ்சியம் இல்லை, மெசின்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டும், பசளைக் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

பின்னேரம் கடையில் அரிசி வாங்கினேன். மூட்டையில் பொலன்னறுவை ஆலையின் பெயர்.

நெல் போன றோட்டாலேயே அரிசியாகத் திரும்பி வருகிறது. நடுவில் இருக்கிற விலை எங்கே தங்கிவிட்டது? ஏன் அங்கே பெரிய ஆலைகள் திரண்டன, இங்கே திரளவில்லை? களஞ்சியமா, வங்கிக் கடனா, யுத்தமா, றோட்டா? அமெரிக்கப் பொருளியலாளர் குருக்மன் 2008இல் நோபல் பரிசு வாங்கிய வேலை இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் தொடுகிறது: ஒரு தொழில் ஓரிடத்தில் திரளத் தொடங்கினால் ஏன் அங்கேயே மேலும் மேலும் திரள்கிறது என்று. எங்கட பிள்ளைகள் அதைச் சமன்பாடாக மனனம் செய்து எழுதுகிறார்கள். அவர்கள் தகப்பன்மாரின் நெல் அந்தச் சமன்பாட்டுக்குள் லொறியில் போய்க்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதவியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

பெப்ரவரி 17

ஜீஐஎஸ் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார்கள். சொல்கிறேன். தங்கச்சி, படியுங்கள். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம், மடிக்கணினியில் போடலாம். உங்கள் தறிகள் இருக்கிற ஒழுங்கைகளைப் புள்ளி வைத்து ஒரு படம் தயாரியுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், உங்கள் நண்பர்கள் சொல்லும் அந்த ஜீஐஎஸ்காரருக்கும் உங்களுக்கும் இடைவெளி குறையும். அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் மிச்சம் இருக்கும்: எந்த வீட்டுத் தறி ஏன் நின்றுபோனது என்ற கதை.

ஏப்ரல் 22

புதுவருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தேன். கடிதம் வரவில்லை என்று தங்கச்சி கவலைப்படுகிறார். விண்ணப்பம் பிரிப்பார்கள், பட்டியல் போடுவார்கள், ஆட்களுக்குத் திகதி ஒத்துவர வேண்டும். மாதங்கள் போகும். பயப்பட வேண்டாம், படித்துக்கொண்டிருங்கள்.

யூன் 9

கடிதம் வந்துவிட்டதாம். நேர்முகத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. மாதிரி விரிவுரைக்குத் தலைப்பை அவர்களே கொடுத்திருக்கிறார்கள்: “தொழில் அமைவிடத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்”. என்னிடம் வந்து ஒருமுறை எடுத்துக் காட்டட்டா ரீச்சர் என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.

யூன் 14, இரவு

இன்றைக்கு வந்தார், வாப்பாவும் கூட வந்தார். திண்ணையில் வைத்து எடுத்தார். பலகை இல்லை, பழைய கலண்டரின் பின்பக்கத்தை ஆணியில் மாட்டினோம்.

முதல் தடவை சரியில்லை. காரணிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு சொன்னார். குரல் நடுங்கியது. வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தி, “உங்கட வீட்டுத் தறிக்கு நூல் எங்கே இருந்து வருகிறது?” என்றேன். கொழும்பு என்றார். “யார் கொண்டுவருவது?” ஒரு முதலாளி. “சாயம்?” அவரே. “நெய்கிறது?” உம்மாவும் பெரியம்மாவும். “சாரம் எங்கே விற்கிறது?” பாதி கல்முனை, பாதி திரும்பவும் கொழும்பு. “அப்போ நூலும் வெளியே, சந்தையும் வெளியே. தறி மட்டும் ஏன் உங்கட வீட்டில்?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கலண்டரில் ஒரு சின்னச் சதுரம் போட்டார், வீடு. அதற்குள் தறி, அடுப்பு, தொட்டில். “உம்மா அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்து நெய்வா. தொழிற்சாலைக்குப் போனால் அது ஏலாது” என்றார். அதிலிருந்து தொடங்கினார். பதினோரு நிமிடம். ஏழு காரணியும் தானாக அதற்குள் வந்து விழுந்தன. வாப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

அப்புறம் ஒலுவில் துறைமுகம் பற்றிக் கேட்டேன், கட்டாயம் யாராவது கேட்பார்கள். 2013இல் திறந்தது. வாயிலை மணல் மூடியது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்தது. அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது, அணை குறுக்கே நின்றால் ஒரு பக்கம் சேரும், மறு பக்கம் கரையும் என்று சரியாகச் சொன்னார். “அது பௌதிகப் புவியியல். மணலே சேரவில்லை என்று வைப்போம். எந்தச் சரக்கு அந்தத் துறைமுகத்துக்கு வரும்?” என்றேன். அதற்குப் பின்நிலம் (துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் உட்பகுதி) பற்றிப் படித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

யூன் 25

நேர்முகம் முடிந்தது. தங்கச்சி தொலைபேசியில் சொன்னதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

ஐந்து பேர் வந்திருந்தார்களாம். மேசையில் வெளியில் இருந்து வந்த ஒரு பேராசிரியர் இருந்திருக்கிறார், துறை சார்ந்தவர். அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு சொல் வேலை செய்திருக்கிறது. வீட்டையும் தறியையும் வரைந்ததும் அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாராம். ஒலுவில் கேள்வியும் வந்திருக்கிறது, மணல் பக்கத்தில் இருந்துதான்.

ஒரு கேள்விக்கு மட்டும் தங்கச்சியால் பதில் சொல்ல முடியவில்லை. “உங்கள் தாய்க்கு ஒரு சாரத்துக்குக் கூலி கிடைக்கிறது. அவர் தறியில் இருக்கும் மணித்தியாலத்தை வைத்துப் பிரித்தால் ஒரு மணிக்கு எவ்வளவு வரும்?” ஆய்வு முழுவதும் சாரக் கணக்கில்தான் செய்திருந்தாராம், மணிக்கணக்கு எடுக்கவே இல்லை. “எனக்குத் தெரியாது சேர், நான் எண்ணிப் பார்க்கவில்லை” என்று சொல்லியிருக்கிறார். அழுகை வந்ததாம்.

அந்தப் பதிலுக்காக அழ வேண்டாம் என்றேன். முடிவு பல்கலைக்கழகப் பேரவைக்குப் போய் வர வேண்டும், அதற்கு இன்னும் நாள் எடுக்கும்.

யூன் 27

காலையில் தங்கச்சியிடம் இருந்து ஒரு படம் வந்தது. கொப்பியின் ஒரு பக்கம். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் என்ன வேலை. 5.10 தறி. 5.45 அடுப்பு. 6.05 தறி. 6.30 தம்பியை எழுப்பியது. 6.40 தறி. அப்படியே இரவு ஒன்பதரை வரைக்கும் பக்கம் நிறைய இருந்தது. அடியில், “இது உம்மாட ஒரு நாள். நாளைக்குப் பெரியம்மா வீடு” என்று எழுதியிருந்தார்.